செத்தொமாவின் ஊர்களைத் தமிழில் ஏற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். இணையக் கலைக்களஞ்சியங்களிலும் திறந்த நிலப்படங்களிலும் அயல்நாட்டு ஊர்களைத் தமிழில் ஏற்றிவரும் உங்களுக்கு, அதிலும் எஸ்தோனியாவின் ஊர்ப்பட்டியலைக் கையில் எடுத்திருப்பவர்களுக்கு, இந்த மடல். கேட்பது ஒன்றுதான். செத்தொமா என்ற ஒரு ஊரக உள்ளாட்சியின் கீழ் 150க்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் அட்டவணையிலிருந்து ஒற்றைவரிக் கட்டுரையைக் கணினி நிரல் வைத்து இறக்கும் வேலையைச் சற்று நிறுத்துங்கள். அட்டவணையில் ஒரு பிழை இருந்தால் தமிழில் அது 150 பிழையாகிவிடும். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த ஆள் கிடைக்காது. எந்த இடங்களில் சறுக்கும், ஏன் சறுக்கும், எப்படிச் சரிசெய்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

செத்தொமா எஸ்தோனியாவின் தென்கிழக்கு மூலையில், ருஷ்ய எல்லையை ஒட்டி இருக்கிறது. பரப்பு சுமார் 463 சதுர கிலோமீட்டர், மக்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். தலைமையிடம் வெர்ஸ்கா. இந்த உள்ளாட்சி 2017 அக்டோபரில் பிறந்தது. அந்த ஆண்டுச் சீர்திருத்தத்தில் நாட்டிலிருந்த 213 உள்ளாட்சிகள் 79 ஆகச் சுருங்கின: 15 நகரங்கள், 64 ஊரக உள்ளாட்சிகள். ஓர் உள்ளாட்சிக்குக் குறைந்தது 5,000 பேர் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. செத்தொமா அதற்குக் கீழே இருந்தும் தனியாக நிற்கிறது. காரணம் அங்கே வாழும் செத்தொ என்ற சிறு இன மக்களின் தனிப் பண்பாடு.

முதல் சறுக்கல் இங்கேதான். பழைய பட்டியலில் செத்தொமா என்ற உள்ளாட்சியே கிடையாது. மிக்கித்தமெயெ, வெர்ஸ்கா, மெரெமெயெ என்று மூன்று தனி உள்ளாட்சிகள் இருந்தன. முதல் இரண்டும் பொல்வா மாவட்டத்தில், மூன்றாவது வொரு மாவட்டத்தில். நான்காவதாக, வொரு மாவட்டத்து மிஸ்ஸொ உள்ளாட்சியிலிருந்து லுஹமா பகுதி மட்டும் பிரிந்து வந்து சேர்ந்தது. மிஸ்ஸொவின் மீதிப் பகுதி ரொவுகெ உள்ளாட்சிக்குப் போனது. இப்போது செத்தொமா முழுக்க வொரு மாவட்டத்தில். ஆகவே பழைய ஆங்கிலப் பட்டியலை வைத்து எழுதினால் மிக்கித்தமெயெ, வெர்ஸ்கா ஊர்கள் தவறான மாவட்டத்தில் விழும். “மிஸ்ஸொ என்றால் ரொவுகெ” என்று மொத்தமாக மாற்றினால் லுஹமா ஊர்கள் தவறும். மிஸ்ஸொ ஊர்களை மட்டும் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும், குறுக்குவழி இல்லை.

சரிபார்க்க இரண்டு இடங்கள் போதும். ஒன்று, எஸ்தோனியாவின் அரசு இடப்பெயர்ப் பதிவேடு. மற்றொன்று, புள்ளியியல் துறையின் நிர்வாக, குடியிருப்பு வகைப்பாட்டுப் பட்டியல். அதில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் நான்கு இலக்கக் குறியெண் உண்டு. பெயரை வைத்துத் தேடாமல் குறியெண்ணை வைத்துத் தேடுங்கள். ஏனென்பதற்கு வோப்சு ஒன்றே போதும். வொஹந்து ஆற்றின் ஒரு கரையில் வோப்சு என்ற சிறு பேரூர் இருக்கிறது. அது பொல்வா மாவட்டத்து ரெப்பினா உள்ளாட்சியைச் சேர்ந்தது. எதிர்க்கரையில் வோப்சு என்ற கிராமம், வொரு மாவட்டத்துச் செத்தொமாவைச் சேர்ந்தது. பெயர் ஒன்று, ஆறு ஒன்று, நடுவே மாவட்ட எல்லை. பெயரை வைத்து இணைப்புக் கொடுக்கும் எந்த நிரலும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

அடுத்தது, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல். எஸ்தோனிய மொழியில் ஊரக உள்ளாட்சிக்கு வல்து என்று பெயர். ஆங்கிலத்தில் அதைப் ‘பேரிஷ்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்துத் தமிழில் ‘பங்கு’, ‘திருச்சபை வட்டம்’ என்றெல்லாம் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். வல்துக்கும் தேவாலயத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தேவாலயத்தை ஒட்டிய பழைய பிரிவுக்கு எஸ்தோனியர்கள் வைத்த சொல் வேறு: கிஹெல்கொந்து. செத்தொக்களோ தங்கள் நாட்டை வேறு விதமாக, 12 நுல்க்குகளாகப் பிரித்துச் சொல்வார்கள். நுல்க் என்றால் மூலை. ஆகவே முதல்முறை வரும்போது ‘வல்து (ஊரக உள்ளாட்சி)’ என்று எழுதிவிட்டு, பிறகு வல்து என்றே விடுங்கள். நம் ஊராட்சி ஒன்றியம் பரப்பளவில் கொஞ்சம் ஒத்துவரும்தான். ஆனால் ஒன்றியத்துக்குக் கீழே தேர்தல் நடத்தும் ஊராட்சிகள் இருக்கின்றன, வல்துக்குக் கீழே அப்படி எதுவும் இல்லை. அதனால் அந்தச் சொல் வேண்டாம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் குழம்புவது இங்கேதான். எஸ்தோனியாவில் குடியிருப்புகள் நான்கு வகை: லின் (நகரம்), அலெவ் (பேரூர்), அலெவிக் (சிறு பேரூர்), கியுலா (கிராமம்). இவை நான்கும் முகவரிக்கும் கணக்கெடுப்புக்கும் உரிய பிரிவுகள். ஆட்சி செய்வது வல்து. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் வல்து மன்றத்துக்குத் தேர்தல் நடக்கும். 2017, 2021, 2025 என்று நடந்துவந்திருக்கிறது. மன்றம் வல்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். கிராமத்துக்கு மூத்தவர் ஒருவரை மக்கள் தேர்ந்துகொள்ளலாம். அவர் ஊருக்காகப் பேசுபவர், வரி விதிக்கும் அதிகாரமோ தீர்மான அதிகாரமோ அவருக்கு இல்லை. ஆகவே கிராமக் கட்டுரையின் தகவற்பெட்டியில் ‘ஊராட்சித் தலைவர்’ என்ற வரி காலியாக நின்றால், அதை நிரப்ப ஆள் தேடாதீர்கள், வரியையே எடுத்துவிடுங்கள். வெர்ஸ்காவைப் ‘பேரூராட்சி’ என்று எழுதுவதும் இதே பிழைதான். அது ஓர் அலெவிக், அதாவது ஊரின் வகை. அதற்கென்று ஆட்சி மன்றம் கிடையாது.

மாவட்டங்கள் 15. ஆனால் 2017 முடிவோடு மாவட்ட நிர்வாகங்களே கலைக்கப்பட்டன, மாவட்ட ஆளுநர் பதவியும் போயிற்று. ‘வொரு மாவட்ட ஆட்சியர்’ என்று நிகழ்காலத்தில் ஒரு வரி கண்ணில் பட்டால் தயங்காமல் அழித்துவிடுங்கள்.

இனி பெயர்கள். இதில்தான் தமிழ் தன் வேலையை அழகாகச் செய்யக்கூடும், ஆங்கிலம் வழியாகப் போவதால் கெட்டுப்போகிறது. ஆங்கிலத்தில் ‘டி’ (t) என்று பார்த்ததும் நம் கை தானாக ட போடுகிறது. எஸ்தோனிய ஒலி பல்லில் நாக்கு படும் த. ஆகவே எஸ்தோனியா, தர்த்து, லுத்தெப்பே என்றுதான் வர வேண்டும். பாடநூலில் ‘எஸ்டோனியா’ நிலைத்துவிட்டது, நாட்டின் பெயரில் சண்டை வேண்டாம். கிராமங்களிலாவது சரியாக எழுதுவோம்.

உயிரெழுத்துகளுக்கு இடையே தனியாக வரும் வல்லினம் இன்னொரு பொறி. எஸ்தோனியச் சொல்லில் ஒற்றைக் ‘கே’, ‘டி’, ‘பி’ (k, t, p) இருந்தாலும் அது கரடாகவே ஒலிக்கும். தமிழில் அதையே ஒற்றையாக எழுதினால் நாம் மென்மையாகத்தான் படிப்போம். ‘செதொமா’ என்று எழுதிப் பாருங்கள், ‘மாதம்’ சொல்லும்போது வரும் த வந்து நிற்கும். அதனால் செத்தொமா, மிக்கித்தமெயெ, ரெப்பினா என்று ஒற்று இரட்டிக்க வேண்டும். மூலத்தில் அந்தப் ‘பி’க்குப் பதில் மெலிந்த எழுத்து (b) இருந்தால் ஒற்றை ப போதும்: ஒபினித்சா. அதே போல செர்கா. இந்த வேறுபாட்டை நம் எழுத்து முறை இயல்பாகவே காட்டுகிறது. தனிக் குறியீடு எதுவும் தேவையில்லை.

நெடில் குறில் அளவும் முக்கியம். எஸ்தோனியத்தில் எழுத்து இரட்டித்தால் நெடில், இல்லையென்றால் குறில். சாத்செயில் முதலெழுத்து நெடில். ஒபினித்சாவில் முதலெழுத்து குறில், அதை ‘ஓபினித்சா’ என்று எழுதக் கூடாது. சொல்லிறுதியில் மட்டும் ஒரு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒபினித்ச’ என்று குறிலோடு நிறுத்தினால் தமிழ்க் கண்ணுக்குச் சொல் அரைகுறையாகப் படும். அங்கே ஆ போடுவதே நல்லது. இதனால் செத்தொமாவின் உண்மையான நெடிலும் ஒபினித்சாவின் குறிலும் எழுத்தில் ஒன்றாகிவிடும். அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

புள்ளி வைத்த எழுத்துகளுக்கு வருவோம். ‘ஏ’ வடிவ ரோமன் எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி (ä) இருந்தால் அது பேங்க் என்பதை நாம் சொல்லும் அந்த வாய்த்திறப்பு. குறிலுக்கு எ, நெடிலுக்கு ஏ: வெர்ஸ்கா, லுத்தெப்பே. ‘வார்ஸ்கா’ என்று எழுதினால் போலந்து ஞாபகம் வந்துவிடும். ‘யு’ வடிவ எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி (ü) என்றால் உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொல்வது. தமிழில் நேர் எழுத்து இல்லை. கியுலா, லியூப்னித்சா என்று யகரம் சேர்ப்பது இருப்பதில் நல்லது. இதிலும் ஒரு குறை உண்டு: பியுசா ஆற்றின் பெயரில் உண்மையிலேயே இகரமும் உகரமும் அடுத்தடுத்து வருகின்றன, தமிழில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

அலைக்கோடு போட்ட ‘ஓ’ (õ) தான் எல்லோரையும் திணறடிப்பது. வொரு, வோப்சு, ரொஸ்னா, ஒர்சவா எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ‘காது’, ‘பாக்கு’ என்று சொல்லி நிறுத்தும்போது கடைசி உகரத்தில் உதடு குவிவதில்லை அல்லவா, நம் இலக்கணம் குற்றியலுகரம் என்கிறதே, அதே உதட்டோடு நாக்கைச் சற்றே தாழ்த்தி ஒலித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆங்கிலேயருக்கு இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், நமக்கு ஒரு வரி போதும். எழுத்தில் ஒ, ஓ என்றே எழுதி, கட்டுரையின் முதல் வரியில் ‘உதடு குவியாத ஒகரம்’ என்று ஒரு குறிப்பு வையுங்கள்.

இன்னொன்று, பெயர்களைத் திருத்தி ஒருமைப்படுத்த வேண்டாம். ‘சிறிய’ என்ற பொருளில் வரும் முன்சொல் ஓர் ஊரில் வெய்க்கெ-ரொஸ்னா என்றும், இன்னோர் ஊரில் வெய்க்கொ-ஹெர்மெ என்றும் இருக்கும். முதலாவது பொது எஸ்தோனிய வடிவம், மற்றது உள்ளூர்ப் பேச்சின் வடிவம். இரண்டுமே பதிவேட்டில் உள்ள பெயர்கள்தான். அதே போல ‘ஒபினித்சா கியுலா’ என்று வந்தால் கியுலா வெறும் வகைச்சொல், தலைப்பில் சேர்க்கக் கூடாது. ஆனால் மெரெக்கியுலெ என்ற ஊரில் கிராமம் என்ற சொல்லே பெயருக்குள் கரைந்திருக்கிறது, அதை வெட்டினால் ‘மெரெ’ என்று மொட்டையாக நிற்கும். தானியங்கி நிரல் இதைத் தவறாமல் வெட்டும்.

மக்கள்தொகைக்கு வருவோம். இங்கே பல கிராமங்களில் வசிப்போர் எண்ணிக்கை ஒற்றை இலக்கம். இரண்டு வீடு காலியானால் பாதி ஊர் போய்விடும். ஆகவே தேதி இல்லாத எண்ணுக்கு மதிப்பே இல்லை. 2011 டிசம்பர் 31, 2021 டிசம்பர் 31 ஆகிய இரண்டும் கணக்கெடுப்புத் தேதிகள். மக்கள் பதிவேட்டு எண் வேறு: அது முகவரி பதிந்தவர்களின் எண்ணிக்கை, கோடை வீடு வைத்து முகவரியை மாற்றிக்கொண்டவரும் அதில் வருவார், தர்த்து நகரில் வாழ்ந்துகொண்டே முகவரியை ஊரிலேயே விட்டுவைத்தவரும் வருவார். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து ‘மக்கள்தொகை உயர்ந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். ஏழு பேர் வாழும் ஊருக்கு அடர்த்தி, பாலின விகிதம், வளர்ச்சி வீதம் எல்லாம் கணக்கிட்டுப் போடுவது கேலிக்கூத்து.

எல்லைப் பகுதியில் நிலப்படம் வரைவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. செத்தொமா என்ற பண்பாட்டு நிலப்பரப்பும் செத்தொமா வல்தும் ஒன்றல்ல. 1920 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான தர்த்து உடன்படிக்கையின்படி பெத்செரி நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் எஸ்தோனியாவில் இருந்தன. 1944இல் சோவியத் ஆட்சி அவற்றை ருஷ்யக் குடியரசோடு சேர்த்தது. செத்தொக்களின் சந்தையும் பெரிய மடமும் இருந்த பெத்செரி இன்று எல்லைக்கு அப்பால். வல்து என்பது இந்தப் பக்கம் மிஞ்சிய பகுதி மட்டும். பண்பாட்டுக் கட்டுரையில் வல்தின் எல்லைப்படத்தை ஒட்டினால் பாதி நாடு காணாமல் போகும். எல்லை ஒப்பந்தம் 2005இலும் 2014இலும் கையெழுத்தானது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் ‘ஒப்பந்தப்படி வகுத்த எல்லை’ என்ற தொடரைத் தவிருங்கள்.

சாத்செ பூட்ஸ் என்று அழைக்கப்படும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். லுத்தெப்பேக்கும் செஸ்னிக்கிக்கும் இடையே சாலை சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ருஷ்ய மண்ணுக்குள் புகுந்து வெளியே வரும். பூட்ஸ் வடிவத்தில் துருத்தி நிற்கும் அந்த நிலம் ஏறத்தாழ 115 ஹெக்டேர். பல ஆண்டுகளாக அங்கே வண்டியில் கடந்து போகலாம், நிற்கக் கூடாது, நடந்து போகக் கூடாது என்பது நடைமுறையாக இருந்தது. பயணக் குறிப்புகள் இதை ஒரு வேடிக்கையாக எழுதிக் குவித்தன. 2025 அக்டோபரில் ருஷ்யப் பக்கம் ஆயுதமேந்திய குழு ஒன்று நின்றதைக் கண்டதும் எஸ்தோனியா அந்தச் சாலையை மூடியது. ஆகவே ‘விசா இல்லாமல் ருஷ்யாவுக்குள் போய் வரலாம்’ என்ற பழைய வரியைத் தமிழில் பெயர்த்து வைப்பது ஆபத்து. நிலப்படத்தில் அந்தத் துண்டைத் திறந்த சாலையாக விட்டுவைத்தால் வழிகாட்டிச் செயலி வண்டியை நேரே அங்கேதான் அனுப்பும்.

கொய்துலாவில் ஒரு சிறு திருத்தம். தர்த்துவிலிருந்தும் வல்காவிலிருந்தும் வரும் இரயில் பாதைகள் பெத்செரியில், அதாவது ருஷ்யாவுக்குள், சந்தித்தன. எல்லைக்குள்ளேயே வண்டி திரும்பிப்போக வசதியாக 2011இல் கொய்துலா நிலையம் திறக்கப்பட்டது. அது புது நிலையம், பெத்செரி நிலையத்தின் மறுபெயரன்று.

வழிபாட்டிடங்களை எல்லாம் ‘தேவாலயம்’ என்று ஒரே சொல்லில் அடக்குவதும் சரியில்லை. செத்தொ மக்கள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். ஊருக்கு ஊர் இருப்பது த்செஸ்ஸொன்: கட்டைகளைக் கிடையாக அடுக்கிக் கட்டிய சிறு மரக் கட்டடம், பெரும்பாலான நாள்களில் பூட்டியே கிடக்கும், ஊர்த் திருநாளன்று திறக்கும். மிக்கித்தமெயெயில் உள்ள பழைய த்செஸ்ஸொன் 1694ஐச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. ‘சிற்றாலயம்’ என்று தமிழில் சொல்லலாம். திருநாள் தேதிகளில் 13 நாள் வேறுபாடு வரும், ஏனெனில் இங்கே பழைய நாள்காட்டிதான். ஆண்டவரின் உருமாற்றத் திருநாள் மேற்குத் திருச்சபையில் ஆகஸ்ட் 6. ஒபினித்சாவில் அது ஆகஸ்ட் 19. அன்று ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் கல்லறை மேட்டின் மேலேயே மேசைவிரிப்பை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பண்டங்களைப் பரப்பி, உறவுகள் சுற்றி அமர்ந்து உண்பார்கள். சீரகவாடை அடிக்கும் சொயிர் என்ற பாற்கட்டியும் அதில் இருக்கும். ஆகஸ்ட் 6 என்று ‘திருத்தும்’ கைகள் எப்போதும் உண்டு. கட்டுரையிலேயே காரணத்தை எழுதிவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

ஒபினித்சா 2015இல் ஃபின்னோ-உக்ரிக் (எஸ்தோனியம் அடங்கிய மொழிக்குடும்பம்) பண்பாட்டுத் தலைநகராக இருந்தது; செத்தொ லேலொ என்ற கூட்டுப்பாடல் மரபு 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இவை தெரிந்த செய்திகள்தான், பிழை அதிகம் நேர்வதில்லை. பிழை நேர்வது செத்தொ ‘இராச்சிய’த்தில். 1994 முதல் நடக்கும் இராச்சிய நாள் விழாவில், ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, மக்கள் தங்களுக்குப் பிடித்தவரின் பின்னால் வரிசையாக நிற்பார்கள். வரிசை நீண்டவர் ஓராண்டுக்கு யுலெம்ப்சோத்ஸ்கா. பெத்செரி மடத்தின் குகையில் உறங்குவதாகச் சொல்லப்படும் பெக்கொ அரசரின் பிரதிநிதி அவர். இது பண்பாட்டுப் பதவி. ஆனால் தகவற்பெட்டியில் ‘ஆட்சியாளர்’ என்ற இடத்தைக் கண்டதும் கை துறுதுறுக்கும். வேண்டாம்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்றும் சொல்லிவிடுகிறோம். முதலில் வல்துக்கு ஒரே ஒரு நிறைவான கட்டுரை எழுதுங்கள். எல்லாக் கிராமங்களின் பெயரையும் குறியெண்ணோடு, 2017க்கு முன் எந்த உள்ளாட்சியில் இருந்தது என்ற குறிப்போடு, அதில் ஒரு பட்டியலாகத் தாருங்கள். அதன் பிறகு தனிக் கட்டுரை பெற வேண்டியவை ஏழெட்டுதான்: வெர்ஸ்கா, ஒபினித்சா, மிக்கித்தமெயெ, மெரெமெயெ, சாத்செ, கொய்துலா, வெங்காயத்துக்கும் மீனுக்கும் பேர்போன ஏரிக்கரை ஊரான லியூப்னித்சா. முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘வெர்ஸ்கா, எஸ்தோனியாவின் வொரு மாவட்டத்தில் செத்தொமா வல்தில் உள்ள சிறு பேரூர், 2017 வரை பொல்வா மாவட்டத்து வெர்ஸ்கா வல்தில் இருந்தது.’ மற்ற கிராமங்களின் பெயரைப் பட்டியலுக்கே திருப்பிவிடுங்கள். சொல்வதற்கு இரண்டு வரி உண்மையாகக் கிடைக்கும் நாளில் அந்த ஊருக்குத் தனிப்பக்கம் திறக்கலாம்.

ஏற்கெனவே ஏற்றியவற்றைத் திருத்தத் தொடங்குவதானால், வோப்சுவில் தொடங்குங்கள். இரண்டு பக்கங்களாகப் பிரித்து, தலைப்பிலேயே ‘சிறு பேரூர்’, ‘கிராமம்’ என்று வேறுபடுத்தி, நிலப்படப் புள்ளியை ஆற்றின் சரியான கரையில் வையுங்கள்.

இப்படிக்கு,
எஸ்தோனிய ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதியும் சரிபார்த்தும் வரும் சிலர்